சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் நாட்கணக்கும்

சிலப்பதிகாரத்தின் காலத்தைப் பற்றி நம் வட்டத்தில் பேச்செழும்போதெல்லாம் எவரேனும் ஒருவர் கி.பி. 756 என்னும் ஆண்டை எடுத்துச் சொல்வதும், ஏனையோர் புன்னகைத்து அதை ஒதுக்குவதும் வழக்கமாகிவிட்டன. இந்தப் பத்தாண்டுகளில் நான்கைந்து கூட்டங்களிலேனும் இது நிகழ்ந்திருக்கும். அவ்வாண்டைச் சொன்னவர் யார், எந்தக் கணக்கைக் கொண்டு சொன்னார் என்று கேட்டவர் மிகச் சிலரே. திவான் பகதூர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை என்னும் பெயர் ஆராய்ச்சி நூல்களின் அடிக்குறிப்புகளில் மட்டும் வாழ்ந்து வருகிறது. கல்வெட்டுத் துறையினர் அவரை நாள்தோறும் கையாள்கின்றனர். இலக்கியத் துறையினரோ ஒரு தவறான ஆண்டின் சொந்தக்காரராகவே அவரை அறிவர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான்.

லூயிஸ் டொமினிக் சுவாமிக்கண்ணு என்பது அவர் முழுப்பெயர். கோவையில் திரைப்படக் கொட்டகைகள் அமைத்துப் புகழ்பெற்ற சாமிக்கண்ணு வின்சென்ட் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் வறிய கிறித்தவக் குடும்பம் ஒன்றிலே பிறந்தார். கல்வியே கைப்பொருளாக உயர்ந்தார்; சட்டம் பயின்று பட்டம் பெற்றார்; சென்னை அரசாங்கத்தின் பணியில் படிப்படியாக மேலேறினார். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணத்தில் இரட்டையாட்சி தோன்றிப் புதிய சட்டமன்றம் அமைந்தபோது, 1920இல் அதன் செயலாளராக அமர்ந்தார். முதல் தலைவர் சர் பி. இராஜகோபாலாச்சாரியாருக்குப் பின் 1924இல் அம்மன்றத்தின் இரண்டாம் தலைவராகவும் ஆனார். திவான் பகதூர்ப் பட்டமும் அரசாங்கச் சிறப்பும் அவரைத் தேடி வந்தன. அரசியல் வரலாறு எழுதுவோர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வர். நமக்கு வேண்டியவர் அந்த இருக்கையில் அமர்ந்தவர் அல்லர்; அலுவல்களுக்கிடையே எண்களோடு இருந்தவர்.

அக்காலத்தின் நிலையை நினைத்துப் பார்த்தால்தான் அவர் உழைப்பின் அளவு புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டுக் கோயிற்சுவர்களிலிருந்து ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு வந்தன. ஒவ்வொன்றிலும் மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் உண்டு. பலவற்றில் ஞாயிறு நின்ற ஓரை, வளர்பிறையோ தேய்பிறையோ, திதி, கிழமை, விண்மீன் ஆகியவையும் உண்டு. இல்லாதது ஒன்றே: அது எந்த ஆண்டு என்பது. சக ஆண்டைக் குறித்த கல்வெட்டுகள் சிலவே. மன்னனின் ஏழாம் ஆண்டு என்றால், அம்மன்னன் என்று முடிசூடினான் என்பது தெரிந்தாலன்றி அந்த ஏழுக்குப் பொருளில்லை. ஆனால் விடை அக்கல்லிலேயே மறைந்து கிடந்தது. ஒரு குறிப்பிட்ட மாதத்தில், ஒரு குறிப்பிட்ட திதியும் கிழமையும் விண்மீனும் ஒருங்கே கூடும் நாள் எல்லா ஆண்டிலும் வாராது. எந்தெந்த ஆண்டில் வந்தது என்று கணித்துவிட்டால் வரலாற்றின் கதவு திறக்கும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. திங்கள் ஞாயிற்றை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகும் நேரமே ஒரு திதி. திங்களின் நடை சீரானதன்று. ஆகவே ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்திலும் முடியும், 27 மணி நேரம் வரை நீளவும் செய்யும். ஞாயிறு உதிக்கும்போது எந்தத் திதி நடக்கிறதோ அதுவே அந்நாளின் திதி. சில திதிகள் இரண்டு உதயங்களைத் தொடும், சில ஓர் உதயத்தையும் தொடாமல் மறையும். விண்மீன் கணக்கு இதனின் வேறு. வான்வட்டத்தை இருபத்தேழாகப் பகுத்து, திங்கள் நிற்கும் பகுதியைச் சொல்வது அது. மாதமோ ஞாயிறு ஓரை புகும் நேரத்தால் அமைவது. அந்நேரம் ஞாயிறு மறைவதற்கு முன்னாயின் அன்றே மாதப்பிறப்பு, பின்னாயின் மறுநாள் என்பது தமிழ்நாட்டு முறை. மலையாள நாட்டிலோ பகற்பொழுதில் ஐந்தில் மூன்று பங்கு கழிவதற்குள் புகுந்தால்தான் அன்று மாதம் பிறக்கும். ஒரே வானம், ஒரே ஞாயிறு. எல்லை கடந்தால் தேதி மாறிவிடும். இவற்றோடு, நம் சித்தாந்த ஆண்டின் நீளம் பருவ ஆண்டைவிடச் சற்றே மிகுதி. அதனால் அறுபதாண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் சித்திரைப் பிறப்பு பருவத்தைவிட்டுத் தள்ளிப் போகிறது. இத்தனையும் கணக்கில் கொள்ளாதவர் கல்வெட்டின் நாளைத் தொடவே கூடாது.

நம் முன்னோர் இதைச் செய்யாமலில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் என்கிறோம். ஏன் வாக்கியம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? திங்கள் நிற்கும் இடத்தை நாள்தோறும் காட்ட 248 வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு; வாக்கியத்தை ஓதினால் பொருளும் கிடைக்கும், பாகையும் கலையும் கிடைக்கும். செய்யுள் யாப்போருக்கு இதைவிடக் கடுமையான கட்டளை வேறு இருக்க முடியாது. ஜான் வாரன் என்னும் ஆங்கில அரசுப் பணியாளர், 1825இல் வெளிவந்த தம் காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்க் கணியரைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த சொற்களைக் கொண்டே அவ்வாண்டு மே இறுதியில் நிகழவிருந்த திங்கள் மறைப்பைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. கணக்கின் காரணம் எதையும் அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் வியக்கிறார். எனக்கு அதில் வியப்பில்லை. ஆனால் ஒரு வரம்பு தெரிகிறது: அடுத்த மறைப்பைக் கணிக்க வல்ல அந்த வழிமுறை, எழுநூறு ஆண்டுக்கு முன் ஒரு கல்லில் பொறித்த நாளைத் தேடுவோருக்கு நேரே உதவாது. தேடல் என்பது முன்னும் பின்னும் நூறு நாட்களைச் சோதிப்பது. அதற்குப் பட்டியல் வேண்டும்.

மேனாட்டறிஞர் யாக்கோபியும் கீல்ஹார்னும் அத்தகைய பட்டியல்களை வகுத்தனர். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த இராபர்ட் சூவலும், சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் சேர்ந்து 1896இல் இந்திய நாட்காட்டி என்னும் நூலை வெளியிட்டனர். முதலாம் இராசராசன் கி.பி. 985ஆம் ஆண்டு ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையே அரியணையேறினான் என்று நாம் இன்று எழுதுவது கீல்ஹார்ன் செய்த கணக்கின் பயன். ஆயினும் அவர்தம் முறைகளைப் பயன்படுத்த ஒவ்வொரு நாளுக்கும் பல படிகளில் கூட்டலும் கழித்தலும் செய்தாக வேண்டும். ஒரு கல்வெட்டுக்கு அரைநாள் செலவாகும். ஆயிரம் கல்வெட்டுகள் வரிசையில் நின்றன.

இந்த இடத்தில்தான் சுவாமிக்கண்ணுப் பிள்ளை நுழைகிறார். 1911இல் அவர் வெளியிட்ட இந்தியக் காலக்கணிதம் என்னும் ஆங்கில நூல், கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரை எந்த நாளின் திதியையும் விண்மீனையும் கோள்நிலையையும் சரிபார்க்கும் வழிகளைத் தந்தது. கணிதப் பயிற்சி மிகுதியாக இல்லாதவரும் சிறிது பொறுமையுடன் இதைக் கையாளலாம். அத்தோடு அவர் மனம் நிறைவடையவில்லை. வழிமுறையைச் சொல்லிக் கணக்கை வாசகனிடம் விடுவதைவிட, கணக்கையே செய்து முடித்துக் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று எண்ணினார் போலும். 1922இல் சென்னை அரசாங்க அச்சகத்தின் வழியாக வெளிவந்த இந்திய நாட்பஞ்சாங்கத் தொகுதிகள் அவ்வெண்ணத்தின் விளைவு. கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, ஆங்கிலத் தேதி, திதியும் விண்மீனும் முடியும் நேரம் ஆகியன வரிசையாக நிற்கின்றன. அந்நேரங்களை நாழிகையிலும் விநாடியிலும் தராமல், நாளின் தசமப் பின்னமாகத் தந்திருப்பது கூர்ந்த அறிவின் அடையாளம். கூட்டுவதும் ஒப்பிடுவதும் எளிதாகிவிடுகின்றன. கணிப்பொறி இல்லாத காலம் அது. அரசு நூலகம் ஒன்றில் ஒரு தொகுதியைப் புரட்டியபோது தாள் ஓரங்கள் என் விரலில் பொடிந்தன. எண்கள் மட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்தன.

பாண்டியர் வரலாறு அவர் கைபட்டுத் தெளிந்த களங்களுள் ஒன்று. சடையவர்மன், மாறவர்மன் என்னும் இரு பட்டங்களையே பாண்டியர் மாறி மாறிப் பூண்டனர். சுந்தரன், வீரன், விக்கிரமன், குலசேகரன் என்னும் பெயர்களும் திரும்பத் திரும்ப வந்தன. போதாக்குறைக்கு ஒரே காலத்தில் பலர் அரசாண்டனர். சடையவர்மன் சுந்தரபாண்டியனின் பத்தாம் ஆண்டு என்று கல் சொன்னால், எந்தச் சுந்தரபாண்டியன் என்று அறிவதற்கு நாட்கணக்கைத் தவிர வேறு வழியில்லை. ஒன்றோடொன்று பொருந்தும் நாட்களை ஒரு மன்னனுக்கும், பொருந்தாதவற்றை வேறொரு மன்னனுக்கும் பிரித்து, சுவாமிக்கண்ணுப் பிள்ளை நீண்ட வரிசைகளை வகுத்தார். பிற்காலத்தார் அவற்றில் சிலவற்றைத் திருத்தியதும் உண்டு. கல்தச்சனும் கணியனும் பிழை செய்யக் கூடியவர்களே. ஒரு கிழமை தவறினால் கணக்கு புதியதொரு மன்னனையே படைத்துவிடும்.

இனிச் சிலம்புக்கு வருவோம். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேசுகையில், மதுரை எரியுண்ணும் நாளைப் பற்றிய பழைய உரையொன்றை எடுத்துச் சொல்கிறது. ஆடித் திங்கள், தேய்பிறை, எட்டாம் திதி, கார்த்திகை விண்மீன், வெள்ளிக்கிழமை: இவை ஐந்தும் அதிலுள்ளன. ஒரு கல்வெட்டில் இருக்கக்கூடிய குறிப்புகள் எல்லாம் ஒரு காப்பியத்தில்! கணக்கறிந்தவர் கை சும்மாயிருக்குமா? ஆடியில் ஞாயிறு கடகத்தில் நிற்கும். தேய்பிறை எட்டாம் நாளில் திங்கள் ஞாயிற்றினின்றும் 264 முதல் 276 பாகை வரை விலகி நிற்கும். அத்திங்கள் கார்த்திகையிலும் இருக்க வேண்டுமாயின், ஞாயிறு கடகத்தின் கடைசி ஒன்பது பாகைகளுக்குள் வந்திருக்க வேண்டும். அதாவது அந்நாள் ஆடியின் இறுதிப் பத்து நாட்களுள் ஒன்றாகவே இருத்தல் கூடும். குறிப்பு பொருந்தாத குறிப்பன்று என்பது இதனால் தெரிகிறது. இளங்கோவடிகள் வானத்தை அறிந்தே பாடியிருக்கிறார்.

ஆயினும் இவ்வைந்தும் கூடும் நாள் ஒரு நூற்றாண்டில் ஓரிரு முறையேனும் வரக்கூடியது. இவற்றை மட்டும் வைத்து ஓர் ஆண்டைத் தெரிந்தெடுக்க இயலாது. எனவே சுவாமிக்கண்ணுப் பிள்ளை, இந்திரவிழாக் கொடியேற்றம் தொடங்கி நாளும் திதியும் விண்மீனும் எண்ணிக் காட்டிய உரையாசிரியர் அடியார்க்குநல்லாரின் குறிப்புகளையும் துணைக்கொண்டார். அவ்வாறு தேடியபோது கிடைத்த நாள் கி.பி. 756 ஜூலை 23. இதை நாமே சரிபார்க்கலாம். கலியுகத் தொடக்கமான கி.மு. 3102 பிப்ரவரி 18 ஒரு வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து 756 ஜூலை 23 வரை கழிந்த நாட்கள் 14,08,925. ஏழால் வகுத்தால் 2,01,275, மீதி இல்லை. எனவே அதுவும் வெள்ளிக்கிழமையே. கிழமையில் ஐயமில்லை, திங்களின் நிலையும் பெரிதும் பொருந்தி வருகிறது.

கணக்கில் பிழையில்லை, ஆனால் முடிவை ஏற்றவர் சிலரே. கயவாகு மன்னனைக் கொண்டு சிலம்பைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தவர்களுக்கு, 756 என்பது செங்குட்டுவனை அறுநூறாண்டு கீழிறக்கும் செயலாகத் தோன்றியது. அவர்கள் சினம் நியாயமானதும் கூட. மதுராபதி சொன்னது வரலாற்றுப் பதிவா, புலவர் படைத்த உரையா? அடியார்க்குநல்லார் காப்பியத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு பிற்பட்டவர்; அவர் எண்ணிய நாட்கள் அவர்தம் கணக்காகலாமேயன்றி அடிகளின் சான்றாகா. ஒரு காப்பியத்துள் நிகழும் நாளும் அக்காப்பியம் யாக்கப்பட்ட நாளும் ஒன்றென்று கொள்வதற்கும் விதியில்லை. இவற்றையெல்லாம் எண்ணும்போது 756ஐ நானும் ஏற்கேன். எனினும் அவ்வாண்டை எள்ளி ஒதுக்குவோர் ஒன்றை மறக்கின்றனர். அந்தக் குறிப்பிலுள்ள வெள்ளிக்கிழமை அவர்களையும் விடாது. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை குறிக்கப்பெற்று நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது, மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள புதகுப்தன் காலத்துக் கல்வெட்டு. அதன் காலம் கி.பி. 484. அதற்கு முந்நூறு ஆண்டு முற்பட்ட தமிழ்ப் புலவர் ஒருவர் கிழமை சொல்லித் திதி சொன்னார் என்றால் அதற்கும் விளக்கம் வேண்டும். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் விடை தவறாயிருக்கலாம். அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உட்காரவில்லை.

பரிபாடல் பதினோராம் பாட்டிலும் இதே கதைதான். நல்லந்துவனார் வையையின் புதுப்புனலைப் பாடுமுன், கோள்கள் எந்தெந்த ஓரையில் நின்றன, திங்களை அரவு எவ்வாறு மறைத்தது என்றெல்லாம் கூறுகிறார். உ.வே. சாமிநாதையர் பரிபாடலை அச்சிட்டது 1918இல். சில ஆண்டுகளுக்குள்ளாகவே சுவாமிக்கண்ணுப் பிள்ளை அப்பாட்டைக் கணித்து கி.பி. 634 ஜூன் 17 என்றார். அந்நாள் முழுமதி நாள் என்பது உண்மை. ஆனால் அப்பாட்டின் சொற்களைப் பிரித்துப் பொருள்கொள்ளும் முறையொன்று மாறினாலும் கோள் வேறு ஓரைக்குப் போய்விடும், ஆண்டும் மாறிவிடும். இங்கே கணிதம் இலக்கணத்தின் வாயிலில் காத்து நிற்கிறது. பதவுரை முடியாமல் பஞ்சாங்கம் பேச முடியாது. பிற்காலத்தே மு. இராகவையங்கார் திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த வைகறையைக் கொண்டு கி.பி. 731 என்று கணித்ததும், அதை மறுத்து வேறு ஆண்டுகள் சொல்லப்பட்டதும் இவ்வழியில் வந்த வழக்குகளே.

புலவர்களாகிய நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் பாட்டில் நிலாவை வைப்பது கணக்குப் பார்த்தன்று. கார்த்திகையில் ஒரு முழுமதி வேண்டுமென்றால் வைத்துவிடுவோம். ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் வந்து அந்த நிலாவைக் கொண்டு நம் காலத்தை நிறுவப் புகுந்தால் என்னாகும்? நம் உறுப்பினர் ஒருவர் ஆனிமாதத்து அமாவாசையன்று காதலர் நிலவொளியில் உலவுவதாகப் பாடிவிட்டார். அவர் எந்த நூற்றாண்டிலும் வாழ்ந்தவர் ஆகமாட்டார்! சுவாமிக்கண்ணுப் பிள்ளை பழம்புலவர் மீது வைத்திருந்த நம்பிக்கை நம்மை நாண வைக்கிறது. சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் பார்த்துச் சொன்னார்கள் என்று அவர் கருதினார். அந்நம்பிக்கையே அவர் பலம்; சிலம்பிலும் பரிபாடலிலும் அதுவே அவரை இடறியும் விட்டது.

அவரிடம் நான் பெரிதும் மதிப்பது, தம்மை மறுப்பதற்கான கருவியைத் தாமே பிறர் கையில் கொடுத்தது. பட்டியல்கள் முழுவதையும் அச்சிட்டுவிட்டபின் எவரும் அவர் கணக்கைச் சோதிக்கலாம், அவருக்கு எதிராகவே பயன்படுத்தலாம். பயன்படுத்தியும் இருக்கிறார்கள்.

இன்று அவ்வேலையைக் கணிப்பொறி நொடியில் செய்துவிடுகிறது. 1990இல் டெர்ஷோவிட்ஸ், ரெயின்கோல்ட் என்னும் இரு அறிஞர்கள் பல நாட்டு நாட்காட்டிகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நிரல்களை வெளியிட்டனர். 1997இல் அது நூலாகவும் வந்தது. ஜப்பானிய அறிஞர் மிச்சியோ யானோ சூரிய சித்தாந்தத்தின்படி பஞ்சாங்கம் கணிக்கும் நிரலையே அமைத்தார். இவற்றின் அடிப்படை மிக எளியது. பத்து நாட்காட்டிகள் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒன்பதுக்கும் வழி அமைக்கத் தேவையில்லை. ஏதோ ஒரு தொடக்கத்திலிருந்து ஓடிய நாட்களை எண்ணும் ஒற்றை எண் போதும். ஒவ்வொரு நாட்காட்டியையும் அவ்வெண்ணுக்கு மாற்றவும், அவ்வெண்ணிலிருந்து மீட்கவும் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. நம் கணியர் கலிநாள் என்று எண்ணி வந்தது இதைத்தான்.

ஆனால் நிரல் எழுதுவோரும் சுவாமிக்கண்ணுப் பிள்ளை சந்தித்த அதே முட்களில்தான் கால் வைக்கிறார்கள். எந்த ஊரின் உதயம்? எந்தச் சித்தாந்தம்? மாதப்பிறப்புக்குத் தமிழ்நாட்டு விதியா, மலையாள விதியா? திதி உதயத்துக்குச் சில நிமிடம் முன்னோ பின்னோ முடியும் நாளில் ஊருக்கு ஊர் விடை மாறும். இவ்வினாக்களைக் கேட்காத நிரல் தயக்கமின்றி ஒரு தேதியைச் சொல்லிவிடும். அது தவறாயும் இருக்கும். பட்டியலைக் கையால் புரட்டுபவர் பக்கத்து நாளையும் பார்ப்பார், ஐயுறுவார். ஓர் ஆய்வாளர் கணிப்பொறி காட்டிய நாளைக் கொண்டு ஒரு கல்வெட்டைப் போலியென்று எழுதிவிட்டு, பின்னர் விண்மீன் உதயத்துக்குச் சற்றுப் பின்னே தொடங்கியதைக் கண்டு திருத்திக்கொண்டதை நான் நேரில் அறிவேன்.

1922ஆம் ஆண்டுத் தொகுதிகள் வெளிவந்தபின் அவர் நெடுநாள் வாழவில்லை. சட்டமன்றத் தலைவராயிருக்கும்போதே 1925 செப்டம்பர் 10ஆம் நாள் மறைந்தார். வயது அறுபது நிறைந்திருந்தது. அவர் முறையிலேயே அவர் வாழ்நாளை எண்ணிப் பார்த்தேன். பிறந்த நாளில் கழிந்திருந்த கலிநாள் 18,13,813. ஏழால் வகுக்க மீதி ஒன்று, ஆகவே சனிக்கிழமை. மறைந்த நாளில் 18,35,938. மீதி ஆறு, ஆகவே வியாழக்கிழமை. இடைப்பட்டவை 22,125 நாட்கள்.